வாயாடியின் படங்கள்

மெக்கானிக்கின் மகளுக்குப் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கும், சொன்னது புரியும். வாய்தான் ஒத்துழைக்கவில்லை. ஏழு வயதிலும் தொண்டையிலிருந்து 'ம்ம்' என்ற ஓசை மட்டுமே வரும். அந்தப் பிள்ளைக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். வைத்தவள் அம்மா.

காரணம் இல்லாமல் வைக்கவில்லை. பேச்சுப் பயிற்சி மையத்தில் ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்து, படத்தைத் தொட்டால் அது உனக்காகப் பேசும் என்று காட்டிக்கொடுத்த நாளிலிருந்து பிள்ளை ஓயவே இல்லை. காலையில் கண் விழித்ததும் "பால்" என்னும் அந்த மெஷின் குரல். பிறகு "வேண்டாம்". பிறகு "ஊஞ்சல், ஊஞ்சல், ஊஞ்சல்".

"இத்தனை வருஷம் சேர்த்து வச்சதையெல்லாம் இப்பவே பேசித் தீர்க்கணும்னு நிக்கிறா, வாயாடிக் கழுதை" என்று அம்மா சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் படங்களும் அம்மா போட்டவைதான். அவளுக்கு ஒரு லேபிள் கம்பெனியில் வேலை. சோப்பு உறை, பிஸ்கட் பாக்கெட் எல்லாம் கம்ப்யூட்டரில் வரைவாள். டேப்லெட்டில் ஆயத்தப் படங்கள் ஏற்கெனவே இருந்தன. ஆனால் தண்ணீருக்கு அதில் இருந்தது கண்ணாடி டம்ளர். இவர்கள் வீட்டில் கண்ணாடி டம்ளரே கிடையாது. பிள்ளை குடிப்பது பிடி உடைந்த பச்சை பிளாஸ்டிக் மக்கில். அந்தக் கண்ணாடி டம்ளரை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அம்மா வேலை விட்டு வந்ததும் உட்கார்ந்து பச்சை மக்கை வரைந்தாள், உடைந்த பிடியோடு. மறுநாள் பிள்ளை தண்ணீர் கேட்டாள்.

அதன்பின் அம்மா ஒவ்வொரு வார்த்தையாக வரைய ஆரம்பித்தாள். 'வீடு' என்றால் இவர்கள் மாடிப்படியும் நீலக் கம்பிக் கதவும். 'வேண்டாம்' என்றால் பிள்ளையின் சொந்த உள்ளங்கை. 'அப்பா' என்றால் மீசை, சட்டைப் பையில் ஸ்பேனர், அப்புறம் ஒரு தொப்பை.

"தொப்பையக் கொஞ்சம் கொறச்சுப் போடக்கூடாதா?" என்று மெக்கானிக் கேட்டான்.

"கொறச்சா யாரோ வந்திருக்காங்கன்னு பயந்துடுவா" என்றாள் அவள்.

தன்னையும் வரைந்துகொண்டாள்: கொண்டை, கண்ணாடி, நிஜத்தில் இருப்பதைவிடப் பெரிய மூக்கு. அந்தப் படம் முதல் பக்கத்தின் இடது மூலையில், எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது.

அவள் ஒரு மத்தியானம் அலுவலக நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் குழாய்களோடு கிடந்தாள். கண் திறக்கவில்லை. பிள்ளையை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டினார்கள். அடுத்த வாரம் எல்லாம் முடிந்துவிட்டது.

"அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்று பிள்ளையிடம் சொன்னது மெக்கானிக்கின் அக்கா. அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை. மெக்கானிக் அப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று வாயாடிக்குத் தெரியும். வாசலில் உட்கார்ந்து காத்திருந்தாள். "அம்மா, எங்கே" என்றது டேப்லெட். "அம்மா, வா." சாப்பிடும்போது, குளிக்கும்போது, ஊஞ்சலில் ஆடும்போது. ஒருநாள் அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டித் திரும்பத் திரும்ப அழுத்தினாள். அவன் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். பிள்ளை டேப்லெட்டால் கதவை அடித்தாள். மூன்றாவது அடியிலோ நான்காவது அடியிலோ அந்தக் குரல் நின்றுவிட்டது.

புது டேப்லெட் வந்தது. அதில் ஏறிய புதுச் செயலி அம்மாவின் படங்களை ஏற்றுக்கொள்ளவில்லை. பயிற்சி மையத்துப் பேச்சு டீச்சர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க வீட்டம்மா வரைஞ்சது எல்லாம் எஸ்விஜி ஃபைல் சார். இதுக்கு பிஎன்ஜி வேணும். மாத்தித்தான் போடணும்."

எஸ்விஜி, பிஎன்ஜி எல்லாம் அவனுக்கு எட்டாத விஷயம். வாஷிங் மெஷினைக் கழற்றிப் போட்டால் ஒரு திருகாணி மிச்சமில்லாமல் திரும்பப் பூட்டுவான். வீட்டுக் கம்ப்யூட்டர் மனைவியின் ராஜ்யம். அவன் அதில் தூசி தட்டுவதோடு சரி. வேறு வழியில்லாமல் மச்சினனுக்கு போன் போட்டான். மனைவியின் தம்பி தூரத்து நகரம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, மெக்கானிக் அவள் நாற்காலியில் முதன்முறையாக உட்கார்ந்தான். மேசை உயரத்துக்கு அவள் ஏற்றி வைத்த நாற்காலி. அதை இறக்க மனம் வரவில்லை. பாதம் தரையில் சரியாகப் பதியாமலே உட்கார்ந்திருந்தான்.

"எவ்ளோ படம் இருக்கு அத்தான்?"

"முந்நூறுக்குக் கொறையாது மாப்ளே. ஒரே படத்தத் திருத்தித் திருத்தி வச்சிருக்கா, பேரப் பாரு, 'தூக்கம் சரி'ன்னு ஒண்ணு, 'தூக்கம் ரொம்பச் சரி'ன்னு ஒண்ணு, 'தூக்கம் இதுதான்'னு ஒண்ணு."

மச்சினன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "ஒவ்வொண்ணா தொறந்து மாத்துனா விடிஞ்சிரும். கட்டளை எழுதி ஒரே மூச்சுல மாத்திடலாம். கருப்பு ஜன்னல் ஒண்ணு தொறக்கச் சொன்னேனே, தொறந்தீங்களா?" என்றான்.

"தொறந்திருக்கேன். உள்ள ஒண்ணுமே இல்ல. ஒரு கோடு மட்டும் மினுக்கு மினுக்குன்னு மின்னுது."

"அங்கதான் எழுதணும்."

"தப்பா எழுதிட்டா? மெஷின்ல தப்பான பட்டன அமுக்குனா தண்ணி வழியும். இதுல என்ன ஆகும்?"

"ஒண்ணும் வழியாது. திட்டும், அவ்ளோதான். நீங்க எழுதுங்க."

மச்சினன் எழுத்து எழுத்தாகச் சொல்ல, மெக்கானிக் ஒற்றை விரலால் தட்டினான். முதலில் அவள் படம் வரையும் மென்பொருளின் பெயர். ஓர் இடைவெளி. இரண்டு சின்னக் கோடுகள், பிஎன்ஜியாக வெளியே தள்ளு என்பதற்கான சொல். மறுபடி இரண்டு கோடுகள், படத்தின் அகலம். கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி.

"நட்சத்திரம் எதுக்கு?"

"அந்த ஃபோல்டர்ல இருக்கிற எல்லாப் படத்தையும் எடுத்துக்கோன்னு அர்த்தம்."

மெக்கானிக்கின் விரல் அப்படியே நின்றது. "ஒரு நிமிஷம்" என்றான். தன் அக்கா நேற்றுச் சொன்னது காதில் ஓடியது. "பாக்கப் பாக்கத்தான்டா அது கேக்குது. அந்தப் படத்த எடுத்துடு. கொஞ்ச நாள்ல மறந்துடும். பிள்ளைங்க மறந்துடும்." அவன் 'அம்மா' என்று பெயரிட்டிருந்த படத்தை மட்டும் பிடித்து இழுத்து வேறோர் இடத்தில் போட்டான். மச்சினனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் என்ன சொல்வான் என்று தெரியும்.

"ம், ஆச்சு" என்று என்டரைத் தட்டினான்.

கருப்பு ஜன்னலில் வரிகள் ஓடின. டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாப் படமும் மாறிவிட்டது. டேப்லெட்டில் ஏற்றித் திறந்தால், திரை முழுக்கக் கருப்புக் கட்டங்கள். பச்சை மக்கும் நீலக் கதவும் மட்டும் இருட்டில் மிதந்தன.

"மாப்ளே, எல்லாம் கருகிப்போச்சு!"

"கருகலே அத்தான். எங்கக்கா பின்னாடி வெள்ள அடிக்காம விட்டிருக்கா. அதனால பின்புறம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். டேப்லெட் திரை கருப்பு, அக்காவோட கோடும் கருப்பு. பின்னணி வெள்ளைன்னு ஒரு சொல்லு சேர்த்துப் போடுங்க. அகலத்தையும் கூட்டுங்க, இல்லேன்னா பெருசு பண்ணிப் பாக்கும்போது ஓரமெல்லாம் படிக்கட்டா தெரியும்."

"கம்ப்யூட்டர்ல எவ்ளோ பெருசாக்குனாலும் அப்படித் தெரியலியே?"

"அதுல இருக்கிறது புள்ளி இல்ல அத்தான். இங்கேருந்து அங்க போ, இவ்ளோ வளைன்னு அக்கா இழுத்த கோடு அப்படியே கணக்கா இருக்கு. எந்த அளவு கேட்டாலும் அந்த அளவுக்குப் புதுசா வரைஞ்சு காட்டும். பிஎன்ஜின்னா ஒரு அளவுல நிறுத்திப் புள்ளியா உறைய வைக்கிறது."

மெக்கானிக் சொன்னபடி எழுதினான். இந்த முறை படங்கள் பளிச்சென்று வந்தன. ஸ்பேனரின் பல் கூடத் தெரிந்தது. "வந்துடுச்சு மாப்ளே" என்றான். அந்தப் பக்கம் மச்சினன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. மெக்கானிக் போனை வைத்தான்.

வாயாடி புது டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "தண்ணி." "ஊஞ்சல்." "வேண்டாம்." முகம் மலர்ந்தது. முதல் பக்கத்துக்குத் திரும்பி, பார்க்காமலே இடது மூலையைத் தொட்டாள். 

"அப்பா" என்றது குரல்.

குனிந்து பார்த்தாள். மறுபடி தொட்டாள். "அப்பா." பக்கங்களைத் தள்ளித் தள்ளிக் கடைசிவரை போனாள். திரும்பி வந்தாள். பிறகு அவன் சுட்டுவிரலைப் பிடித்து, அந்த மூலையில் வைத்து அழுத்தினாள். பெரியவர்கள் தொட்டால் ஒருவேளை சரியாக வருமோ என்று நினைத்திருப்பாள். "அப்பா" என்றது குரல்.

அவள் டேப்லெட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை. தாகம் எடுத்தால் தானே போய்க் குடித்தாள். பசித்தால் சமையலறை வாசலில் போய் நின்றாள். ஊஞ்சல் கேட்கவே இல்லை. அக்கா, "பாத்தியா, அமைதியாயிடுச்சு" என்றார். மெக்கானிக் கட்டிலுக்கு அடியிலிருந்து டேப்லெட்டை எடுத்துக்கொண்டு பயிற்சி மையத்துக்குப் போனான்.

பேச்சு டீச்சர் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே கேட்டார். "அம்மா படம் எங்க சார்?"

"எடுத்துட்டேன் டீச்சர். பார்த்தா கேட்டுக்கிட்டே இருக்கா."

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா அவகிட்ட இருந்ததே அந்த வார்த்தைதான். அதப் பிடுங்கிட்டா, அவ நெனச்சுக்கிறத எங்க போய்ச் சொல்லுவா?" என்றார். "விஷயத்தச் சொல்லிட்டீங்களா?"

"ஊருக்குப் போயிருக்கான்னு அக்கா சொன்னாங்க."

"நீங்க?"

"எனக்கு... வாய் வரல டீச்சர். அதுக்குப் படமும் இல்லியே. அவ வரைஞ்சு வைக்கலியே."

"தூங்குறான்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் கண்ண மூடவே பயப்படும். செத்துப்போன எதையாவது அவ பாத்திருக்காளா? யோசிச்சுப் பாருங்க."

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் ஞாபகம் வந்தது. போன கோடையில் ஜன்னல் மேடையில் ஒரு புறா மல்லாந்து கிடந்தது. பிள்ளை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், பறக்கும் என்று. அவன் குப்பையில் போடப் போனபோது மனைவி தடுத்தாள். "இருங்க, பாக்கட்டும்." பிள்ளையின் கையைப் பிடித்து அந்தச் சில்லிட்ட இறகைத் தடவவிட்டு, "செத்துப்போச்சும்மா. இனி பறக்காது. சாப்பிடாது. அதுக்கு வலிக்கவும் வலிக்காது" என்று சொன்னாள். இருவருமாகப் பூந்தொட்டி மண்ணில் அதைப் புதைத்தார்கள்.

புறாவுக்கு ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. ஜன்னல் கம்பியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் குண்டுப் புறா. மெக்கானிக் அதைப் பிரதி எடுத்துத் திறந்தான். மவுஸ் அவன் பேச்சைக் கேட்கவில்லை. எலியைவிட மோசமாக ஓடியது. எப்படியோ புறாவைப் பிடித்துத் திருப்பி மல்லாத்தினான். கால்கள் மேலே வந்தன. ஆனால் கண் திறந்தே இருந்தது, ஒரு சின்னக் கருப்பு வட்டம். அதன்மேல் சொடுக்கினால் அதைச் சுற்றிப் புள்ளிகளாகக் கட்டம் விழுந்தது. அழிக்கும் பட்டனில் விரலை வைத்தான். அழுத்தவில்லை. அவள் கையால் போட்டது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். அழுத்தினான். வட்டம் போனது. அந்த இடத்தில் அவன் ஒரு கோடு இழுத்தான். கோணலாகத்தான் வந்தது. பரவாயில்லை, மூடிய கண் என்று தெரிந்தது.

பிறகு கருப்பு ஜன்னலைத் திறந்தான். யாரையும் கூப்பிடவில்லை. மென்பொருளின் பெயர், இரண்டு கோடு, பின்னணி வெள்ளை, அகலம். நட்சத்திரம் போடவில்லை, இரண்டே இரண்டு கோப்பின் பெயரை எழுதினான். புறாவும் அம்மாவும். ஒருமுறை எழுத்துப் பிழை என்று திட்டியது. திருத்தினான். இரண்டு படமும் வந்தன.

டேப்லெட்டில் புறாவின் கீழே என்ன எழுதுவது என்று தடுமாறினான். குரல் அதைத்தானே சொல்லும். 'செத்துப்போச்சு' என்று எழுதினான். அவளைப் போய் 'போச்சு' என்பதா? அழித்தான். 'செத்துப்போயாச்சு' என்று மாற்றினான். அது யாருக்கும் பொருந்தும். அம்மாவைப் பழைய மூலையிலேயே வைத்தான்.

மறுநாள் காலை பாலைக் குடித்து முடித்த பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். டேப்லெட்டை அவள் முன் வைத்து, முதலில் புறாவைக் காட்டினான். அவள் உற்றுப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். நினைவிருக்கிறது. "செத்துப்போயாச்சு" என்றது குரல். 'ம்ம்' என்றாள்.

பிறகு மூலையைத் தொட்டான். "அம்மா." பிள்ளை துள்ளி எழுந்து வாசலைப் பார்த்தாள். அவன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, மறுபடி அழுத்தினான். "அம்மா. செத்துப்போயாச்சு."

அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "அம்மா, வா."

அவன் 'இல்ல' என்பதைத் தொட்டான்.

"அம்மா, வா. அம்மா, வா."

"இல்ல."

"அம்மா, வலி?" என்று தொட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் குழாய்களை அவள் மறக்கவில்லை.

"வலி, இல்ல" என்று தொட்டான். 

"அம்மா, எங்கே?" கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் எழுந்து ஓடினாள். ஜன்னலோரப் பூந்தொட்டியில் இரண்டு கையையும் விட்டு மண்ணைத் தோண்ட ஆரம்பித்தாள். செடி சாய்ந்தது. மண் தரையெல்லாம் சிதறியது. "இங்க இல்லடா கண்ணு, இங்க இல்ல" என்று அவன் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான். அவள் திமிறினாள், அவன் மார்பில் குத்தினாள். பிறகு அழுதாள். அம்மா போனதிலிருந்து அவள் அழுது அவன் பார்த்ததில்லை. அந்த அழுகையில் ஓசை இருந்தது, வீடே அதிர்ந்தது. அவனும் சேர்ந்து அழுதான். அடுக்களையிலிருந்து வந்த அக்கா இருவரையும் பார்த்துவிட்டு, மண்ணைக் கூட்டி அள்ளினார்.

'எங்கே' என்பதற்குப் பதில் பாக்கி இருந்தது. அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, பிள்ளையைக் குளிப்பாட்டி, அவள் அம்மாவைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போகப் பஸ் ஏறினான்.

பஸ்ஸில் வாயாடி டேப்லெட்டைத் திறந்தாள். முதலில் டிக்கெட் கொடுக்க வந்தவரிடம் நீட்டினாள். "அம்மா. செத்துப்போயாச்சு." அவர் திடுக்கிட்டு மெக்கானிக்கைப் பார்த்தார். மீதிச் சில்லறையைக் கையில் வைத்துவிட்டு, பிள்ளையின் தலையைத் தொட்டுப் போனார். முன் சீட்டில் இருந்தவரின் முதுகைத் தட்டித் திருப்பி அவரிடமும் சொன்னாள். எதிரே நின்ற இரண்டு பெண்களிடம் சொன்னாள். அவள் முகத்தில் அழுகை இல்லை. ஒரு முக்கியமான சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய அவசரம் இருந்தது. மெக்கானிக்குக்குக் காது கூசியது. நிறுத்தச் சொல்லக் கை எழுந்தது. தானே அதை மடக்கி வைத்துக்கொண்டான்.

பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மாளுக்குக் காது மந்தம். "என்ன சொல்லுது தம்பி, பொம்ம ஏதோ பேசுதே?" என்று கேட்டார்.

இத்தனை நாளும் விசாரித்தவர்களிடம் 'ஆமாங்க, ஆமாங்க' என்று தலையாட்டியே சமாளித்திருந்தான். அவர் காதருகே குனிந்து, சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அவங்க அம்மா செத்துப்போயிட்டாங்க. என் வீட்டுக்காரி. அதத்தான் சொல்றா."

பஸ் முழுக்கக் கேட்டது. அந்த அம்மாள் 'அடக் கடவுளே' என்று வாயில் கை வைத்துக்கொண்டார். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவன் அதை விடுவித்துக்கொள்ளவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை.

வாயாடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பக்கங்களைத் தள்ளி, தேடி, இரண்டு படங்களைத் தொட்டாள்.

"ஜன்னல். வேணும்."

அந்த அம்மாள் எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார். பிள்ளை ஜன்னலோரம் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள். இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது.